பழைய பூங்காவில ஒரு பின்னேரம்: கூழ் திறம், கச்சேரிதான் பாவம்

போன சனிக்கிழமை பின்னேரம் யாழ்ப்பாணம் சுண்டுக்குளி பழைய பூங்காவில ஊர்ச் சனத்துக்கெண்டு ஒரு நிகழ்ச்சி வைச்சவை. நோட்டீசில பாரம்பரியம், மரபுரிமை எண்டு பெரிய எழுத்தில போட்டுக்கிடந்தது, அதை நம்பித்தான் நாங்களும் வெளிக்கிட்டது. கனடாவில இருந்து அக்கான்ர மகள் வந்து நிக்கிறாள், ஒம்பது வயசு. பழைய கச்சேரிக்குக் கிட்டத்தான் மேடையாம் எண்டு நான் போனில கதைச்சது அவளின்ர காதில விழுந்திட்டுது, "சித்தி, பழைய பாட்டுக் கச்சேரியோ?" எண்டு கேட்டாள். இல்லையடி பிள்ளை, இஞ்ச கச்சேரி எண்டா அரசாங்கக் கந்தோர், பென்ஷனுக்கும் காணிப் பெர்மிட்டுக்கும் சனம் அலையிற இடம் எண்டு சிரிச்சுச் சிரிச்சு விளங்கப்படுத்தினன். கடைசில அவள் சொன்னதுதான் சரியா வந்தது, அதுக்குப் பிறகு வாறன்.

முதல்ல இடம். இடத்துக்கு நான் ஐஞ்சுக்கு ஐஞ்சு ஸ்ரார் குடுப்பன், யோசிக்கவே தேவையில்லை. கண்டி வீதி வெயிலுக்குள்ளால வந்து உள்ள கால் வைக்கேக்க அந்தப் பெரிய மரங்களின்ர நிழல் தலையில தண்ணி வாத்த மாதிரி இருக்கும். 1829 இல யாழ்ப்பாணத்துக்குக் கலெக்டரா வந்த பேர்சிவல் அக்லண்ட் டைக் எண்ட வெள்ளைக்காரத் துரை கிட்டத்தட்ட 27 ஏக்கர் காணியை வேண்டி, மரம் செடி எல்லாம் நட்டு உண்டாக்கின பூங்கா இது. தான் இருக்கிற ரெசிடென்சி வீட்டையும் கச்சேரியையும் இதுக்குள்ளதான் கட்டுவிச்சவர். மனுசன் 1867 இல கோப்பாயில சாகும்வரைக்கும் வடக்கோடயே கிடந்தவர், கிட்டத்தட்ட முப்பத்தெட்டு வருசம்! இப்ப ஒரு அதிகாரி மூண்டு வருசம் நிண்டாலே நாங்கள் ஆச்சரியப்படுறம். அந்தக் காலத்தில அவரை வடக்கின்ர ராசா எண்டுதான் சொல்லுறவையாம், ராசா எண்டா நல்லதும் கெட்டதும் ரெண்டும்தானே. அவருக்குப் பின்னால காணி அரசாங்கத்திட்டப் போய், அதுக்குப் பிறகு வந்த ட்வைனம் துரையும் கால் நூற்றாண்டுக்கு மேல இஞ்ச இருந்துதான் ஆண்டவர். இப்ப பக்கத்து றோட்டுக்குப் பேரே பழைய பூங்கா வீதிதான்.

பிறகு சண்டை வந்தது. செல்லும் குண்டும் பட்டுக் கச்சேரிக் கட்டடத்தின்ர கூரை போய், இப்ப வெறும் சுவர்தான் நிக்குது. ஆனா அந்தச் சுவரைப் பாக்கோணும், பின்னேர வெயில் யன்னல் ஓட்டையளுக்குள்ளால விழேக்க சரியான வடிவு. கலியாண சோடியள் படம் எடுக்கிறதெண்டா தேடி வாற வடிவு.

இனி நிகழ்ச்சி. சாப்பாட்டில ஒரு குறையும் இல்லை. மாதர் சங்கத்து அம்மாக்கள் ஒடியல் கூழ் காய்ச்சினவை, நண்டு இறால் மீன் பயித்தங்காய் பலாக்கொட்டை எல்லாம் போட்டு, புளியும் உறைப்பும் அளவா, பனையோலையில மடிச்ச பிளாவில வாத்துத் தந்தவை. பிளாவைப் பிடிக்கத் தெரியாமல் பிள்ளை சட்டையெல்லாம் ஊத்திக்கொண்டாள், அங்க நிண்ட ஒரு அம்மா "இஞ்ச விடுங்கோ தங்கச்சி" எண்டு வந்து மடிச்சுப் பிடிக்கக் காட்டிக் குடுத்தவா. ரெண்டாம் தரமும் வேண்டிக் குடிச்சம். சின்னப் பிள்ளையளுக்குப் படம் கீறுற இடமும் நல்லா இருந்தது, கூத்து அரைமணித்தியாலம்தான் எண்டாலும் ஆடின பெடியள் உயிரைக் குடுத்து ஆடினவங்கள்.

எனக்கு வயிறெரிஞ்சது வேற விசயத்தில. மேடையைப் பழைய கட்டடத்துக்கு முதுகு காட்டிப் போட்டிருந்தவை. சனம் முழுக்க மற்றப் பக்கம் பாத்துக்கொண்டு இருக்க, மரபுரிமை மரபுரிமை எண்டு மைக்கில கத்துறாங்கள், மரபுரிமை பின்னால இருட்டுக்குள்ள நிக்குது, அதுக்கு ஒரு லைற் கூட இல்லை. அது போதாதெண்டு ஆளுயர சவுண்ட் பொக்ஸ் நாலைச் சுவருக்குப் பக்கத்திலேயே அடுக்கி, பேனரை அந்தச் சுவரிலேயே ஆணி வைச்சு அடிச்சிருக்கிறாங்கள், ஆணி அடிச்ச இடத்தில பூச்சுக் கொட்டி நிலத்தில வெள்ளையாக் கிடந்ததை என்ர கண்ணாலயே பாத்தன். பாஸ் அடிக்கிற அடிக்கு என்ர நெஞ்சே நடுங்குது, அந்தச் சுவர் என்ன பாடுபடும்?

சின்ன விசயத்தைப் பெருப்பிக்கிறன் எண்டு நினைக்காதேங்கோ. 2025 செப்டெம்பர் மழைக்கு நல்லூர் மந்திரி மனையின்ர ஒரு பகுதி இடிஞ்சு விழுந்ததை எல்லாரும் பாத்தனாங்கள்தானே. கோட்டைக்குள்ள 1706 இல ஒல்லாந்தர் கட்டின தேவாலயம் சண்டையில போனது போனதுதான், இப்ப அங்க கல்லுக் குவியல்தான் இருக்கு. மிஞ்சி நிக்கிறது விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான்.

என்ர அப்பப்பா மேசன். அவர் சொல்லுறவர், சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடுற சுவர், அதுக்கு மேல சீமெந்து பூசினா அதின்ர மூக்கைப் பொத்தின மாதிரி எண்டு. விசயம் உண்மைதான், சீமெந்து இறுக்கம், உள்ள போன ஈரம் வெளிய வர வழியில்லாமல் நிக்க, உப்புப் பூத்து உள்ளுக்குள்ள கல்லை அரிச்சுப்போடும், வெளியால பாத்தா புதுசு மாதிரி இருக்கும். இதை எழுதிறதுக்குக் காரணம், மேடையில ஒருத்தர் ஏறி, இதை இடிச்சுப்போட்டு அதே மாதிரிப் புதுசாக் கட்டுவம் எண்டு சொல்ல சனமும் கை தட்டினது. ஐயா, அதே மாதிரிக் கட்டினா அது அதே மாதிரி, அவ்வளவுதான். அதுக்கு முதல் சுவர் வெடிப்புக்குள்ள முளைச்சிருக்கிற ஆலங்கண்டைக் கவனியுங்கோ, அதுவும் இழுத்துப் புடுங்கினா கல்லோட வந்திடும், அடியில வெட்டி வேரைச் சாக விடோணும். மேல மழைத்தண்ணி இறங்காமல் சுவரின்ர உச்சியைச் சுண்ணாம்புச் சாந்தால மூடோணும். இதுக்கு ஒண்டும் கோடிக்கணக்கில தேவையில்லை, சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச மேசன்தான் தேவை, அந்த ஆக்கள்தான் இப்ப இல்லாமல் போகினம்.

கட்டடத்தைச் சுத்திக் காட்டுறம் எண்டும் நோட்டீசில இருந்தது. கம்பஸ்ல படிக்கிற ஒரு பெடியன் வந்தவன், நல்ல பிள்ளை, விசயமும் தெரியும், ஆனா பிள்ளை சொன்ன மாதிரிக் கடைசில பாட்டுக் கச்சேரியாத்தான் போச்சு, அந்தச் சத்தத்துக்குள்ள அவன்ர வாய் அசையிறதுதான் தெரிஞ்சது, பத்து நிமிசத்தில முடிச்சிட்டான். எங்களோட வந்த ஒரு வயசான ஐயா, முந்தி இஞ்ச கிளாக்கரா இருந்தவராம், கூரையில்லாத ஒரு மூலையைக் காட்டி "பிள்ளை, என்ர மேசை இதிலதான் கிடந்தது" எண்டார். பிறகு எங்க யன்னல், எங்க பைல் ராக்கை, எந்தக் கதவால துரைமார் வருவினம், எந்தக் கதவால சனம் வரோணும் எண்டு நடந்து நடந்து காட்டினார். மைக்கை அவரிட்டக் குடுத்திருந்தா நான் இந்த ரிவியூவை வேற மாதிரி எழுதியிருப்பன்.

இனி இப்பிடி ஒண்டு வைச்சாப் போறாக்களுக்கு: நாலரைக்கு முதல் போங்கோ, வெளிச்சம் இருக்கேக்க சுவர்ப் பக்கம் ஒருக்காச் சுத்திப் பாத்திட்டு வந்து இருங்கோ, சுவரில ஏறாதேங்கோ. கதிரை காணாது, பாய் ஒண்டு கொண்டு போனா நல்லம். நுளம்பு கடிக்கும்.

நிகழ்ச்சிக்கு ரெண்டரை ஸ்ரார், அந்த அரையும் கூத்துப் பெடியளுக்கு. கூழுக்குத் தனியா ஐஞ்சு. பிள்ளை வீட்ட வந்து படம் ஒண்டு கீறினவள், மேடையைக் காணேல்லை, யன்னல் ஓட்டையும் அந்த ஐயாவும் ஒரு மேசையும்தான் இருந்தது.