விசா வழக்கில் தோற்றால் செலவு யார் தலையில்? நான்கு நாடுகளின் கணக்கு

போன மாதம் குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பதி சத்துவாச்சாரியில் உள்ள என் வீட்டுக்கு வந்தார்கள். மகனுக்கு லண்டனில் படிக்க விசா மறுக்கப்பட்டிருந்தது. "கோர்ட்டுக்குப் போனால் ஜெயித்துவிடலாம்" என்று ஏஜென்ட் முன்பணம் கேட்டிருக்கிறார். அந்த அம்மா என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "அண்ணா, தோற்றுப்போனால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கும் நாங்களா பணம் கட்ட வேண்டும்?" ஏஜென்ட் இதைப் பற்றி வாயே திறக்கவில்லையாம்.

வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன் என்பதால் ஒன்று தெரியும். சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு ரிட் மனு தள்ளுபடியானால், உத்தரவு பெரும்பாலும் "செலவுத்தொகை இல்லை" என்ற வரியோடு முடியும்; அதாவது எதிர்த்தரப்பின் வழக்குச் செலவைத் தோற்றவர் கொடுக்க வேண்டியதில்லை. எல்லா ஊரிலும் இப்படித்தான் என்று நம் மக்கள் நம்பிவிடுகிறார்கள். அந்த நம்பிக்கை பிரிட்டனில் குடும்பத்தைக் கடனில் தள்ளும்.

அங்கே நீதிமுறை மறு ஆய்வு வழக்கில், அதாவது அரசின் முடிவு சட்டப்படி சரியா என்று நீதிமன்றத்தைப் பார்க்கச் சொல்லும் வழக்கில் தோற்றவர், வென்றவரின் செலவைக் கொடுக்க வேண்டும் என்பதே பொது விதி. ஆனால் எந்தக் கட்டத்தில் தோற்கிறோம் என்பதைப் பொறுத்துத் தொகை மாறும். முதலில் வழக்கை நடத்தவே அனுமதி வாங்க வேண்டும். அனுமதி மறுக்கப்பட்டால், விசா முடிவுகளை எடுக்கும் பிரிட்டன் உள்துறை தன் பதில் மனுவைத் தயாரித்த செலவை மட்டும் பொதுவாகக் கேட்கலாம். அனுமதி விசாரணைக்கு அதன் வக்கீல் வந்த செலவை வழக்கமாகக் கேட்க முடியாது. இது 2003ல் மவுண்ட் குக் வழக்கில் தெளிவான நெறி. அனுமதி கிடைத்து, முழு விசாரணை நடந்து தோற்றால் ஆயிரக்கணக்கான பவுண்டு வந்து நிற்கும். வென்றால் நம் வக்கீல் செலவில் பெரும் பங்கு திரும்பும். விசாரணைக்கு முன்பே உள்துறை இறங்கி வந்து நாம் கேட்டதைக் கொடுத்துவிட்டாலும் செலவு கேட்கலாம். மனித உரிமை, அகதி அடைக்கலம் போன்றவற்றில் முதல்நிலைத் தீர்ப்பாயத்துக்குப் போகும் மேல்முறையீடு வேறு வகை. அங்கே முறைகேடாக நடந்துகொண்டால் ஒழிய செலவுத்தொகை விதிப்பதில்லை. விசாரணையோடு 140 பவுண்டு, காகிதத்தில் மட்டும் என்றால் 80 பவுண்டு கட்டணம், அவ்வளவுதான்.

எனக்குக் கவலை தருவது அடுத்த விஷயம். நீதிமன்றம் விதித்த செலவை உள்துறைக்குக் கட்டாமல் விட்டால், அதையே காரணமாகக் காட்டி அடுத்த விசா விண்ணப்பத்தை மறுக்கலாம் என்று பிரிட்டனின் குடியேற்ற விதியே சொல்கிறது. வாழ்க்கையைத் தொடங்கப் போகும் இருபத்திரண்டு வயதுப் பையனுக்கு இது எவ்வளவு பெரிய முட்டுக்கட்டை! ஊருக்குத் திரும்பிவிட்டால் கடன் தொடராது என்றும் எண்ண வேண்டாம். இங்கிலாந்து உயர் நீதிமன்றம் விதித்த செலவுத்தொகையை இந்திய மாவட்ட நீதிமன்றம் வழியாகவே வசூலிக்கலாம் என்று நம் உச்ச நீதிமன்றம் 2016ல் தீர்ப்பளித்திருக்கிறது. அது நிறுவனங்களுக்கு இடையே நடந்த வழக்குதான். என்றாலும் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 44-ஏ பிரிவு அங்கிருந்து வேலூர் வரை ஒரு பாதையைத் திறந்து வைத்திருக்கிறது.

ஆஸ்திரேலியாவும் இதே குணம்தான். கூட்டாட்சிச் சுற்று மற்றும் குடும்ப நீதிமன்றத்தில் குடியேற்ற வழக்குகளுக்குச் செலவு அட்டவணையே உண்டு. இறுதி விசாரணையில் தோற்றால் 8,000 ஆஸ்திரேலிய டாலரை ஒட்டிய தொகை வரும். தொகை முன்கூட்டியே தெரிவது மட்டும் ஆறுதல். அரசுக்குக் கடன் நிலுவை இருந்தால், அதைத் தீர்க்க ஏற்பாடு செய்யாதவரை பல விசாக்கள் கிடைக்கா.

கனடா எனக்குப் பிடித்த ஏற்பாடு. ஃபெடரல் நீதிமன்றத்தில் மனுக் கட்டணம் 50 கனடிய டாலர். குடியேற்ற வழக்குகளில் சிறப்புக் காரணம் இருந்தால் ஒழிய யாரும் யாருக்கும் செலவு கொடுக்க வேண்டியதில்லை என்று அந்த நீதிமன்றத்தின் குடியேற்ற வழக்கு விதிகளில் 22ஆம் விதி சொல்கிறது. தோற்றாலும் நம் வக்கீல் கட்டணத்தோடு போய்விடும். வென்றாலும் அந்தக் கட்டணம் நம்முடையதே, திரும்ப வராது. இழக்க அதிகம் இல்லாத குடும்பம் துணிந்து நியாயம் கேட்க இந்த விதிதான் இடம் தருகிறது என்பேன். வெளிநாட்டில் எடுத்த முடிவை எதிர்க்க 60 நாள் அவகாசம்.

அமெரிக்காவில் அவரவர் செலவு அவரவருக்கு. அரசின் நிலைப்பாட்டுக்குத் தக்க நியாயம் இல்லை என்றால், வென்றவர் தம் வக்கீல் கட்டணத்தை அரசிடம் கேட்க 1980ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்கிறது. ஆனால் சென்னையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகம் மறுத்த மாணவர் விசாவை நீதிமன்றம் பொதுவாகத் தொடுவதே இல்லை.

எந்த நாட்டிலும் வழக்கில் வென்றால் விசா கைக்கு வந்துவிடாது; பெரும்பாலும் விண்ணப்பம் மறுபடி பரிசீலனைக்குத்தான் போகும். இதையும் அந்தத் தம்பதியிடம் சொன்னேன். சிறிது நேரம் இருவரும் பேசவில்லை.

பிறகு மறுப்புக் கடிதத்தை வாங்கி வரிவரியாகப் படித்தேன். வங்கி இருப்பை அதிகாரி தவறாகக் கூட்டியிருந்தார். அதற்கு நீதிமன்றமே வேண்டாம். உள்துறையிடமே நிர்வாக மறு ஆய்வு கேட்கலாம். கட்டணம் 80 பவுண்டு, முடிவு மாறினால் அதுவும் திரும்பும், தோற்றால் எதிர்த்தரப்புச் செலவு என்ற பேச்சே கிடையாது. அதற்கான 28 நாளில் ஒன்பது நாள் மிச்சம் இருந்தது. அன்று மாலையே என் மேசையில் உட்கார்ந்து பையன் விண்ணப்பத்தை அனுப்பினான்.