ரிச்சி தெருவில் விற்கும் 'ஸ்டடி லெவல்' ஏ320: வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

சென்னையில் கணினியில் ஃப்ளைட் சிமுலேட்டரில் விமானம் ஓட்டும் நண்பர்களுக்காக இந்தப் பதிவு. ரிச்சி தெருவில் ஜாய்ஸ்டிக், த்ராட்டில் வகையறா விற்கும் ஒரு கடையில், மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020க்கு 'ஸ்டடி லெவல் ஏ320' (அதாவது நிஜ ஏர்பஸ் ஏ320 போலவே உள்ளே எல்லாம் இயங்கும் விமானம்) என்று ஒரு ஆட்-ஆன், அதாவது கூடுதல் மென்பொருள், விற்கிறார்கள். விலை 4,500 ரூபாய். வாங்காதீர்கள். அதில் விமானமே இல்லை, வெறும் பெயின்ட்தான் இருக்கிறது.

நான் போனது செகண்ட் ஹேண்ட் த்ராட்டில் ஒன்று வாங்க. (அது நன்றாகவே வேலை செய்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.) பில் போடும் நேரத்தில் கடைக்காரர் ஒரு வீடியோவை ஓடவிட்டார். மீனம்பாக்கத்தில் மழை, காக்பிட் கண்ணாடியில் தண்ணீர் வழிகிறது, வைப்பர் ஓடுகிறது. பார்க்க அருமைதான். "பைலட்டுங்களே வீட்ல இதுலதான் ப்ராக்டிஸ் பண்றாங்க ப்ரோ. ஐஆர்எஸ், ஹைட்ராலிக்ஸ், ஃபெயிலியர் எல்லாம் இருக்கு. நேவ் டேட்டா லைஃப்டைம் ஃப்ரீ" என்றார். (ஐஆர்எஸ் என்பது விமானம் தான் இருக்கும் இடத்தைக் கணிக்கும் கருவி, நேவ் டேட்டா என்பது வழித்தடத் தகவல்.) யுபிஐயில் பணம் போனது. பில்லில் த்ராட்டில் மட்டும்தான். ஆட்-ஆனுக்குத் தனி பில் கேட்டதற்கு "சாஃப்ட்வேருக்கு பில் வராது" என்ற பதில். அன்று இரவு ரிமோட்டில் என் கணினிக்குள் வந்து அவரே இன்ஸ்டால் செய்து கொடுத்தார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பரங்கிமலை மேல் நின்று ரன்வேயைப் பார்த்துப் பார்த்தே இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் நம்மில் நிறையப் பேர். சிமுலேட்டரோடு இலவசமாக வரும் விமானம் இருக்கும்போது ஒரு ஆட்-ஆனுக்கு நாலாயிரம் ஐயாயிரம் கொடுப்பது அழகான படத்துக்கா? நாம் தப்பு செய்தால் விமானம் நம் பேச்சைக் கேட்கக்கூடாது, அதற்குத்தான் அந்தக் காசு. ஏபியூ ப்ளீட் (வாலில் இருக்கும் சிறு இன்ஜினின் அழுத்தக் காற்று) கொடுக்காமல் இன்ஜின் மாஸ்டர் ஸ்விட்சைத் தட்டினால் ஸ்டார்ட்டர் சுற்றக்கூடாது. எடையை ஏற்றினால் அப்ரோச் வேகம் கூட வேண்டும். இறக்கத்தைத் தாமதமாகத் தொடங்கினால் உயரத்தைக் குறைக்க நாம் திண்டாட வேண்டும். எல்லா ஸ்விட்சும் அமுங்குகிறது, லைட் எரிகிறது என்பது ஒரு பெருமையே இல்லை. அமுக்கியதால் உள்ளே என்ன மாறியது என்பதுதான் கேள்வி.

நான் முதலில் பார்த்தது ஐஆர்எஸ். நிஜ ஏ320இல் அது அலைன் ஆக, அதாவது தன் இருப்பிடத்தைச் சரிசெய்துகொள்ள, பல நிமிடங்கள் பிடிக்கும், அதுவரை நேவிகேஷன் டிஸ்ப்ளேயில் மேப் வராது. இதில் பேட்டரியைப் போட்டதுமே மேப் வந்துவிட்டது. சரி, மூன்று நாப்களையும் ஆஃப் செய்தால்? மேப் அப்படியே நிற்கிறது!

அடுத்தது பிடியூ, அதாவது ஒரு ஹைட்ராலிக் சிஸ்டத்தின் அழுத்தத்தைக் கொண்டு இன்னொன்றை இயக்கும் கருவி. ஏ320இல் பயணம் செய்தவர்கள் தரைக்கு அடியிலிருந்து நாய் குரைப்பது போல ஒரு சத்தம் கேட்டிருப்பார்கள். முதல் இன்ஜின் ஸ்டார்ட்டின்போது பிடியூ தடுக்கப்பட்டிருக்கும்; இரண்டாவதை ஸ்டார்ட் செய்யும்போதுதான் தன்னைத்தானே சோதித்துக்கொண்டு சத்தம் போடும். இந்தப் பொட்டலத்திலோ முதல் இன்ஜினிலேயே குரைக்கிறது. பிடியூவை ஆஃப் செய்து வைத்தாலும் குரைக்கிறது. யாரோ ஒரு ஒலிக் கோப்பைக் கொண்டுவந்து ஸ்டார்ட்டோடு ஒட்டியிருக்கிறார்கள்.

அப்புறம்தான் ஹைட்ராலிக்ஸ். பறக்கும்போது, மூன்று ஹைட்ராலிக் சிஸ்டங்களில் ஒன்றான கிரீனின் இன்ஜின் பம்ப்பை அணைத்தேன், பிடியூவையும் அணைத்தேன். 3,000 பிஎஸ்ஐயில் இருக்கும் பிரஷர் விழ வேண்டும், ஈகேம் என்ற காக்பிட் திரையில் எச்சரிக்கை வர வேண்டும். ஏ320இல் லேண்டிங் கியரை (சக்கரங்களை) இயக்குவது கிரீன்தான். அது போய்விட்டால் கியரை மேலே ஏற்ற முடியாது, இறக்குவதற்குக் கையால் கிராவிட்டி ஹேண்டிலைச் சுற்ற வேண்டும். இங்கே பிரஷர் எண் மாறவே இல்லை. கியர் ஜம்மென்று ஏறியது, ஜம்மென்று இறங்கியது.

மறுநாள் ஆட்-ஆன்கள் இருக்கும் கம்யூனிட்டி ஃபோல்டரைத் திறந்து, உள்ளே இருந்த 'ஏர்கிராஃப்ட் டாட் சிஎஃப்ஜி' கோப்பை நோட்பேடில் பார்த்தேன். 'பேஸ் கன்டெய்னர்' என்ற வரியில் 'அஸோபோ ஏ320 நியோ' என்று இருந்தது. அதாவது, சிமுலேட்டரோடு வந்த விமானத்தையே எடுத்துக்கொள், மேலே இந்த நிறத்தைப் பூசு என்று அர்த்தம். எல்லா லிவரியும் (விமானத்தின் வெளிப்பூச்சு) இப்படித்தான் எழுதப்படும், அதில் தவறில்லை. லிவரியை விமானம் என்று விற்பதுதான் மோசடி. உங்களிடம் இருக்கும் பொட்டலத்தையும் இப்படிச் சோதிக்கலாம், இரண்டு நிமிட வேலை.

கடைக்காரரிடம் கேட்டேன். முதலில் "உங்க பிசி ஸ்லோ ப்ரோ" என்றார். பிறகு "அடுத்த அப்டேட்ல வரும்." ஸ்க்ரீன்ஷாட் அனுப்பியதும் "டிஜிட்டல் ஐட்டத்துக்கு ரீஃபண்ட் கிடையாது" என்றார். அதோடு என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்.

லைஃப்டைம் நேவ் டேட்டா கதையையும் சொல்லிவிடுகிறேன். வழித்தடங்கள், அப்ரோச்கள் அடங்கிய அந்தத் தரவு 28 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. சிமுலேட்டரோடு வரும் தரவு இலவசமாகவே புதுப்பிக்கப்படும்; நாவிகிராஃப் போன்ற நிறுவனங்களின் தரவைத் தொடர்ந்து பெற சந்தா கட்ட வேண்டும். ஒரு கடைக்காரர் அதை ஆயுள் முழுக்க இலவசமாகத் தருகிறேன் என்றால் மேற்கொண்டு பேச வேண்டியதே இல்லை.

காசே இல்லாமல் நல்ல விமானம் வேண்டுமா? ஃப்ளைபைவயர் குழுவின் ஏ32என்எக்ஸ் (ஏ320 நியோ) இலவசம். அலைன் நேரத்தை நிஜம் போல வைத்தால், ஐஆர்எஸ் அலைன் ஆகும் வரை அதில் காத்துத்தான் ஆக வேண்டும். எக்ஸ்-பிளேன் என்ற இன்னொரு சிமுலேட்டர் ஓட்டுபவர்களுக்கு ஸிபோவின் 737 இருக்கிறது, அதுவும் இலவசம். காசு கொடுத்துத்தான் வாங்குவேன் என்றால் ஃபெனிக்ஸ், பிஎம்டிஜி, டோலிஸ் போன்ற ஆட்-ஆன் நிறுவனங்களிடம் நேரடியாக அவர்கள் தளத்திலேயே வாங்குங்கள். இடையில் யாரும் வேண்டாம், ரிமோட்டில் வந்து இன்ஸ்டால் செய்கிறேன் என்பவர் வேண்டவே வேண்டாம். விற்பவர் வீடியோ காட்டினால், நேரலையில் ஒரு ஹைட்ராலிக் பம்ப்பை அணைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். இதுவரை பணம் வரவில்லை. இதே பொட்டலத்தை வாங்கியவர்கள் யுபிஐ ரசீதையும் அந்த நோட்பேட் பக்கத்தின் ஸ்க்ரீன்ஷாட்டையும் பத்திரமாக வைத்துக்கொண்டு நீங்களும் புகார் கொடுங்கள். என் புகார் எண் வேண்டுமென்றால் தனிச்செய்தியில் கேளுங்கள், அனுப்புகிறேன்.