பழைய வீட்டை அளந்து ஆவணப்படுத்தும் சேவை: என் மதிப்பீடு

காரைக்குடிக்கு அருகில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டைப் பழுதுபார்ப்பதற்கு முன், அதன் கட்டமைப்பையும் காலப்போக்கில் செய்யப்பட்ட மாற்றங்களையும் பதிவு செய்ய ஒரு சிறு கட்டடக்கலைக் குழுவை அமர்த்தினோம். மூன்று நாட்களில் திண்ணை முதல் பின்கட்டு வரை அளந்து, 1:50 அளவில் வரைபடங்களைத் தந்தார்கள்.

ஓட்டில் '1865' என்று பொறித்திருந்ததால், வீடும் அந்த ஆண்டைச் சேர்ந்தது என்றே எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகப் பெருமை பேசி வந்தோம். அது மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறித்தவ சமயப்பணி அமைப்பு ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு என்றும், பல பத்தாண்டுகள் கழித்துச் செய்த ஓடுகளிலும் அதே முத்திரை இருக்கும் என்றும் அவர்கள் விளக்கியபோது பெரியப்பாவின் முகம் சற்று வாடியது. அடுக்களைச் சுவரின் பூச்சை உள்ளங்கை அளவுக்குப் பெயர்த்து, உள்ளே சுண்ணாம்புக் காரையும் மேலே பிற்காலச் சிமெண்டும் இருப்பதைக் காட்டினார்கள். சிமெண்ட் ஈரத்தை வெளியேற விடாததால்தான் சுவரில் உப்புப் பூத்து உதிர்கிறது என்பதும் அப்போதுதான் புரிந்தது.

குறைகளும் உண்டு. வரைபடங்கள் ஒரு மாதம் தாமதமாக வந்தன. அளவுகளை மீட்டரில் மட்டும் குறித்திருந்ததால், அடிக்கணக்கிலேயே பழகிய எங்கள் கொத்தனாருக்காக நானே உட்கார்ந்து மாற்றி எழுத வேண்டியதாயிற்று. கட்டணம் நியாயமானதே, ஆனாலும் பரணை அளக்காமல் விட்டதை என்னால் ஏற்க முடியவில்லை.