அடிமாட்டு விலையில் ஒரு பங்கு: புத்தக மதிப்பைப் பார்ப்பதா, கடன் கெடுவைப் பார்ப்பதா?

சரிந்து கிடந்த இரண்டு கம்பெனிகளை ஒரே சமயத்தில் அலசிக்கொண்டிருந்தேன். முதல் கம்பெனிக்குச் சொந்த நிலம், ஆலை, கிடங்கு நிறையச் சரக்கு எல்லாம் இருந்தன. புத்தக மதிப்பு, அதாவது சொத்திலிருந்து கடனைக் கழித்துக் கணக்கில் எழுதிய மிச்சம், 100 என்றால் சந்தை விலை 33தான். இரண்டாவதன் நிகர மதிப்போ ஏறக்குறைய பூஜ்யம். தொடர் நஷ்டம் அதை அரித்துவிட்டிருந்தது. யோசிக்க என்ன இருக்கிறது என்று முதலாவதை வாங்கினேன். இரண்டே வருடத்தில் போட்ட பணத்தில் முக்கால்வாசி போய்விட்டது. நான் ஒதுக்கிய கம்பெனி மெல்ல எழுந்து நின்றது.

பிறகு உட்கார்ந்து இரண்டின் பழைய ஆண்டறிக்கைகளையும் வரிவரியாகப் படித்தேன். முதல் கம்பெனியின் கடனில் பாதிக்கு மேல் 14 மாதத்துக்குள் கட்டவேண்டியது. இரண்டாவதன் பெரிய கடனுக்கு இன்னும் ஆறு வருடம் இருந்தது. வாங்கிய அன்றே அச்சில் இருந்த விவரம் இது. அந்தப் பக்கத்தை நான் புரட்டவே இல்லை.

நொந்துபோன கம்பெனியின் பங்கு மலிவா, இல்லையா என்று பார்க்கப் பெரும்பாலானோர் கையில் எடுப்பது இரண்டு அளவுகோல்கள்: ஒன்று புத்தக மதிப்பு, இன்னொன்று பழைய லாபம். நான் இப்போது முதலில் எடுப்பது மூன்றாவதை: கடன் எப்போது கெடுவுக்கு வருகிறது, அதுவரை ரொக்கம் தாங்குமா? என் சாய்வு இந்தப் பக்கம்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பழைய லாபத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். நல்ல வருடங்களில் ஒரு பங்குக்கு 10 சம்பாதித்த கம்பெனி இப்போது 30க்குக் கிடைக்கிறது, நிலைமை சீரானால் ஒரு வருட லாபத்தைப்போல மூன்று மடங்கு விலைக்குத்தான் வாங்கியதாக ஆகும் என்பது இந்தக் கணக்கு. சிமெண்ட், எஃகு, கப்பல் மாதிரி ஏறி இறங்கும் தொழில்களில் இதற்கு அர்த்தம் உண்டு, ஏனென்றால் அங்கே நல்ல வருடம் திரும்ப வரும். தொழிலே மாறிப்போனால் பழைய லாபம் வெறும் பழைய போட்டோ. கோடாக் 2012 ஜனவரியில் திவால் மனு போட்டபோது, ஃபிலிம் சுருள் கொழித்த வருடங்களின் சராசரியை வைத்து அதை மலிவு என்று சொல்லியிருக்க முடியாது. மந்தமா, மாற்றமா என்று தீர்மானித்த பிறகே இந்த அளவுகோலைத் தொடலாம். அந்தத் தீர்மானத்தை எந்த விகிதமும் நமக்காக எடுத்துத் தராது.

புத்தக மதிப்புக்கு வருகிறேன். இதன் கவர்ச்சி எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு ரூபாய்ப் பொருள் முப்பது பைசாவுக்குக் கிடைக்கிறது என்ற நினைப்பை விட மனசு வராது. ஆனால் அந்த ஒரு ரூபாய் யாருடைய கணக்கு? கம்பெனி நன்றாக ஓடும் என்று வைத்துக்கொண்டு எழுதிய கணக்கு அது. கம்பெனி தடுமாறினால் சரக்கு தள்ளுபடியில் போகும், வரவேண்டிய பாக்கியில் ஒரு பகுதி வராது, ஒரே வேலைக்காக அமைத்த இயந்திரம் பழைய இரும்பு விலைக்குப் போகும். நிலம் மட்டும் சில சமயம் புத்தகத்தில் இருப்பதைவிடக் கூடுதலாக விற்கும். அதுவும் பெரும்பாலும் ஏற்கனவே வங்கியில் அடமானமாக இருக்கும். இதெல்லாம் தெரிந்துதான், நிலத்தையும் ஆலையையும் கணக்கிலேயே சேர்க்காமல், நடப்புச் சொத்திலிருந்து (ரொக்கம், சரக்கு, வரவேண்டிய பாக்கி) எல்லாக் கடனையும் கழித்து, மிச்சத்தில் மூன்றில் இரண்டு பாகத்துக்கும் கீழே விலை இருந்தால் மட்டும் வாங்கு என்ற கறாரான முறை 1930களில் உருவானது. கடனை முழுதாகக் கழித்துவிடுவதால் அந்த முறையை மதிக்கிறேன். ஆனால் அந்தச் சல்லடையில் இன்று தேறி நிற்கும் கம்பெனிகள் மிகக் குறைவு.

புத்தக மதிப்பு எவ்வளவு சீக்கிரம் கரையும் என்பதற்கு வால் ஸ்ட்ரீட் நிதி நிறுவனமான பேர் ஸ்டெர்ன்ஸ் சாட்சி. 2007 நவம்பர் முடிவில் அதன் புத்தக மதிப்பு பங்குக்கு 80 டாலருக்கு மேல். 2008 மார்ச் 16 அன்று அதை வாங்க ஜே.பி.மார்கன் வங்கி பங்குக்குப் பேசிய விலை 2 டாலர், பின்னர் அது 10 ஆனது. அந்த நாலு மாதத்தில் சொத்து அத்தனையும் ஆவியாகிவிடவில்லை. அன்றாடம் புதுப்பித்துக்கொண்டிருந்த குறுகிய காலக் கடனை யாரும் புதுப்பிக்கத் தயாராக இல்லை, அவ்வளவுதான்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். பங்குதாரர் வரிசையில் கடைசி ஆள். ஊழியர் பாக்கி, வரி, வங்கி, கடன் பத்திரம் வைத்திருப்பவர் என எல்லோருக்கும் பிறகுதான் நாம். எல்லாம் சரியாக நடக்கும்போது இந்த வரிசை கண்ணில் படாது. ஒரு தவணை தவறினால் சாவி கடன் கொடுத்தவர் கைக்குப் போய்விடக்கூடும். அதற்குப் பிறகு கம்பெனி பிழைக்கலாம், ஆலை ஓடலாம், பொருள் விற்கலாம். பழைய பங்குதாரர் அதில் இல்லாமல் போகலாம்.

எளிய எண்ணில் சொல்கிறேன். கடனையும் சேர்த்து ஒரு தொழிலின் மதிப்பு 1,100. கடன் 900. பங்குக்கு மிஞ்சுவது 200. நான் போட்ட அந்த 1,100இல் 10 சதவீதம் அதிகப்படி என்றால் பிழை 110. கடன் குறையாது, ஆகவே அந்த 110 முழுவதும் என் 200இல்தான் கழியும். பங்கின் மதிப்பில் 55 சதவீதம் காலி. நன்றாக ஓடும் கம்பெனியைக்கூட 10 சதவீதத் துல்லியத்தில் மதிப்பிட முடியும் என்று நான் நம்பவில்லை. ஆகவே கடன் குவிந்த கம்பெனியைப் பற்றி 'இதன் நியாயமான விலை இவ்வளவு' என்று யாராவது உறுதியாகச் சொன்னால், நான் முதலில் கேட்பது அவர் எத்தனை மாத அவகாசம் இருப்பதாகக் கணக்குப் போட்டார் என்பதைத்தான்.

ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் இதற்கு நல்ல பாடம். ஃபோர்டு 2006 கடைசியில், 2008 நிதி நெருக்கடி வருவதற்கு முன்பே, ஆலைகளையும் காப்புரிமைகளையும் தன் நீல முட்டை வடிவ லோகோவையும்கூட அடகு வைத்து சுமார் 2,300 கோடி டாலர் கடனுக்கு ஏற்பாடு செய்துகொண்டது. அதில் ஒரு பெரிய கடனுக்குக் கெடு 2013. பங்காக மாற்றத்தக்க பத்திரங்களின் கெடு 2036. லோகோவையே அடகு வைக்கும் அளவுக்குப் போய்விட்டதே என்று அன்று பார்த்தவர்களுக்குத் தோன்றியிருக்கும். எனக்கும் தோன்றியிருக்கும். 2008 முடிவில் இரண்டு கம்பெனிக்கும் நிகர மதிப்பு மைனஸ்: ஃபோர்டுக்கு 1,700 கோடி டாலர் அளவில், ஜெனரல் மோட்டார்ஸுக்கு 8,600 கோடி டாலர் அளவில். புத்தக மதிப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் இரண்டையும் தொட்டிருக்க மாட்டார். ஆனால் ஒன்றுக்குக் கையில் நேரம் இருந்தது, மற்றதற்கு இல்லை. ஜெனரல் மோட்டார்ஸின் சுமார் 100 கோடி டாலர் பத்திரம் ஒன்றுக்குக் கெடு 2009 ஜூன் 1. அது திவால் மனு கொடுத்ததும் அதே தேதியில்தான். பழைய பங்குகள் செல்லாக்காசாயின. 2008 நவம்பரில் 1 டாலரை ஒட்டி விழுந்த ஃபோர்டு பங்கு 2009 முடிவில் 10 டாலரைத் தொட்டது.

அந்த அடகை நான் இப்போது வேறு மாதிரிதான் படிக்கிறேன். அது விலை கொடுத்து வாங்கிய அவகாசம். ஆப்பிளிடமும் இதே விஷயம் இருந்தது. 1996, 1997 இரண்டு நிதியாண்டும் சேர்த்து 180 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். 1997 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் போட்ட 15 கோடி டாலரைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதற்கு ஒரு வருடம் முன்பே, 1996 ஜூனில், 2001இல் திருப்பித் தரவேண்டிய 66 கோடி டாலர் பத்திரங்களை ஆப்பிள் விற்றிருந்தது. நஷ்டத்தில் இருந்தாலும் ஐந்து வருட மூச்சு கையில் இருந்தது.

இந்தக் கணக்கை நான் போடும் விதம் இது. ஆண்டறிக்கையின் பின்பகுதியில், நிதி அபாயம் பற்றிய குறிப்பில், கடன்களை ஒரு வருடத்துக்குள், ஒன்று முதல் ஐந்து வருடம், அதற்கு மேல் என்று பிரித்த அட்டவணை பொதுவாக இருக்கும். முதல் கட்டத்தில் இருக்கும் தொகையை எடுத்துக்கொள்வேன். எதிரில் கையிலுள்ள ரொக்கமும், வங்கி அனுமதித்து இன்னும் எடுக்காத கடன் வரம்பும். காலாண்டுக்கு எவ்வளவு ரொக்கம் கரைகிறது என்பதை லாப நஷ்டக் கணக்கில் பார்க்காமல் பணப்புழக்க அறிக்கையில் பார்ப்பேன். இதையெல்லாம் சேர்த்தால் ஒரு எண் வரும்: இத்தனை மாதம் தாங்கும். நிர்வாகம் சொல்லும் மீட்சி அதற்குள் வருமா என்பதுதான் மிச்சக் கேள்வி. 18 மாதம் தாங்கும், மீட்சிக்கு மூன்று வருடம் என்றால், விலை எவ்வளவு விழுந்திருந்தாலும் எனக்கு அது மலிவு இல்லை.

இதில் இரண்டு இடத்தில் கால் வழுக்கும். ஒன்று, கடன் ஒப்பந்த நிபந்தனைகள். வட்டியைப்போல இத்தனை மடங்கு லாபம் இருக்கவேண்டும், கடன் இந்த அளவைத் தாண்டக்கூடாது என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். அதை மீறினால் ஆறு வருடக் கடனை உடனே கட்டச் சொல்லக் கடன் கொடுத்தவருக்கு உரிமை வந்துவிடும். அட்டவணையில் பார்த்த ஆறு வருடம் வெறும் எழுத்தாகிவிடும். இரண்டு, அந்த ரொக்கம் நிஜமா? 2009 ஜனவரியில் சத்யம் மென்பொருள் கம்பெனியின் நிறுவனர் கொடுத்த வாக்குமூலத்தின்படி, புத்தகத்தில் இருந்த 5,361 கோடி ரூபாய் ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் 5,040 கோடி இல்லாதது. 2020இல் ஜெர்மனியின் பணப்பரிமாற்ற நிறுவனமான வயர்கார்டில் 190 கோடி யூரோ இல்லவே இல்லை என்று தெரிந்தது. ரொக்கம் குவிந்திருந்தும் வட்டி வருமானம் சொற்பமாக இருந்தால், அல்லது அவ்வளவு ரொக்கத்தை வைத்துக்கொண்டே புதுக் கடன் வாங்கினால், நான் அதற்கு மேல் படிப்பதில்லை.

கம்பெனி மூழ்காமல் தப்பினாலும் பங்குதாரர் தோற்பது எப்படி என்பதை என் முதல் கம்பெனிதான் கற்றுக்கொடுத்தது. அது திவாலாகவில்லை, இன்றும் ஓடுகிறது. கெடு நெருங்கியதும் கடனில் ஒரு பகுதியைப் பங்காக மாற்றி வங்கிகளுக்குக் கொடுத்தார்கள், மிச்சத்துக்குப் புதுப் பங்கு வெளியிட்டார்கள். மொத்தப் பங்கு எண்ணிக்கை நாலு மடங்கானது. அதே ஆலை, அதே நிலம். என் பங்கு நாலில் ஒன்றாகச் சுருங்கியது. 200 மதிப்புள்ள கம்பெனிக்கு 300 தேவைப்பட்டால், சந்தை விலையிலேயே வெளியிட்டாலும் பழைய பங்குதாரர் கையில் மிஞ்சுவது 40 சதவீதம். நெருக்கடியில் சந்தை விலைகூடக் கிடைக்காது. ஃபோர்டுகூட 2009 மே மாதம் 4.75 டாலருக்கு 30 கோடிப் புதுப் பங்குகள் விற்றது. ஆனால் அடிமட்ட விலையில் விற்கும் கட்டாயம் அதற்கு இல்லை. புத்தக மதிப்பை இன்றைய பங்கு எண்ணிக்கையால் வகுத்து மலிவு என்பதில் இருக்கும் ஓட்டை இதுதான். வகுக்கவேண்டியது நாளைய எண்ணிக்கையால்.

இந்த முறை கைகொடுக்காத இடங்களும் உண்டு. வங்கிகளுக்கு இது பொருந்தாது. டெபாசிட் போட்டவர் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்னும்போது கெடு அட்டவணைக்கு என்ன மதிப்பு? அங்கே நம்பிக்கைதான் ரொக்கம். அதை அளக்க எனக்குத் தெரியாது, ஆகவே சிக்கலில் இருக்கும் வங்கிப் பங்கை நான் தொடுவதில்லை. வழக்கிலோ மோசடியிலோ மாட்டிய கம்பெனிக்கும் இது பாதிதான் உதவும். 1963இல் தாவர எண்ணெய் மோசடியில், எண்ணெய் இருப்புக்கு ரசீது கொடுத்த அமெரிக்கன் எக்ஸ்பிரஸின் துணை நிறுவனம் சிக்கியது. தொட்டிகளில் எண்ணெய்க்குப் பதில் பெரும்பாலும் தண்ணீர். 60 டாலருக்கு மேல் இருந்த பங்கு 35 வரை இறங்கியது. அன்று வாரன் பஃபெட் கவனித்தது, மக்கள் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கார்டையும் பயணக் காசோலையையும் தொடர்ந்து பயன்படுத்துகிறார்களா என்பதைத்தான். அந்த மாதிரிக் கண் எனக்கு இருப்பதாகச் சொல்லமாட்டேன். திவால் மனுவுக்குப் பிறகும் பழைய பங்குதாரருக்கு ஏதோ கிடைத்த, கார் வாடகை நிறுவனமான ஹெர்ட்ஸ் மாதிரி விதிவிலக்குகள் இருக்கின்றன. 2020 மே மாதம் மனு, 2021இல் மீட்பு. அதை எதிர்பார்த்து நான் பணம் போடமாட்டேன்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இந்த முறையை வைத்து நான் முழுதாகப் பார்த்த கம்பெனிகள் நாலைந்துதான். நீண்ட கெடு உள்ள கம்பெனி எல்லாம் பிழைக்கும் என்று இதிலிருந்து சொல்லிவிட முடியாது. அவகாசம் இருந்தும் அதை வீணடித்த நிர்வாகத்தை நானே பார்த்திருக்கிறேன். குறுகிய கெடு என்பதற்காக நான் ஒதுக்கி, பிறகு வங்கி கடனைப் புதுப்பித்ததும் இரட்டிப்பான பங்கும் ஒன்று உண்டு. அந்த லாபம் போனதில் எனக்கு வருத்தம்தான், ஆனால் அன்று என் கையில் இருந்த விவரத்துக்கு அந்த முடிவு சரி என்றே இன்றும் நினைக்கிறேன்.

இப்போது ஒரு கம்பெனியைக் கவனித்துவருகிறேன். விலை, புத்தக மதிப்பில் பாதிக்கும் கீழே. பொருளுக்குக் கிராக்கி குறையவில்லை, நஷ்டம் காலாண்டுக்குக் காலாண்டு சுருங்குகிறது. பெரிய கடனுக்கு 20 மாதம் இருக்கிறது. புதுப்பிக்கப் பேச்சுவார்த்தை நடப்பதாக நிர்வாகம் சொல்கிறது. கையெழுத்தாகும் நாளில் விலை முப்பது சதவீதம் ஏறிவிடக்கூடும். ஏறட்டும், புதுக் கெடு எந்த வருடம் என்று அச்சில் பார்த்த பிறகு அந்த விலைக்கே வாங்கிக்கொள்கிறேன்.