சன்ஸ்கிரீன் டியூபில் தேதி மேல் ஸ்டிக்கரா? 2,650 ரூபாய் போன கதை

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். கத்திரி வெயிலுக்கு சன்ஸ்கிரீன் வாங்கப் போய் 2,650 ரூபாயைக் கொட்டிக் கொடுத்துவிட்டு, முகம் முழுக்க எரிச்சலோடு உட்கார்ந்திருக்கிறேன். எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

எனக்கு ஃபீல்டு வேலை. மே மாதம் வேலூரில் நடுப்பகலில் ஸ்கூட்டியில் சுற்றுவது எப்படி இருக்கும் என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஆபீசில் எல்லோரும் புகழ்ந்த ஒரு பெரிய அழகுசாதனக் கடைக்குப் போனேன். பெயர் வேண்டாம். ஏ.சி., வெயில் அடிக்கிற கண்ணாடி ஷோகேஸ், வெள்ளை கோட்டு போட்ட ஒரு பெண். அந்தக் கோட்டுதான் ஆளைக் கவிழ்த்தது. கன்னத்தில் ஏதோ மெஷினை வைத்து, என் தோலைத் திரையில் பெரிதாகக் காட்டி, "எவ்ளோ டேமேஜ் பாருங்கக்கா! உங்களுக்கு எஸ்பிஎஃப் 100 தான் சரிப்படும். இம்போர்ட்டட். எங்க அக்காவுக்கே இதைத்தான் குடுத்திருக்கேன். காலையில ஒரு தடவை போட்டா சாயந்திரம் வரைக்கும் தாங்கும்" என்றார். (எஸ்பிஎஃப் என்பது வெயிலிலிருந்து தோலை எவ்வளவு காக்கும் என்று காட்டும் எண்.) சொந்த அக்காவை இழுத்துச் சொன்னால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்? இரண்டு டியூப், 2,650 ரூபாய், ஜிபேயில் போட்டுவிட்டு வந்தேன்.

வீட்டில் பிதுக்கினால் முதலில் எண்ணெய்த் தண்ணீர், அப்புறம் திரிந்த பால் மாதிரி கட்டி கட்டியாக வந்தது. கடைக்கு போன் செய்தேன். "இம்போர்ட்டட் எல்லாம் அப்படித்தான், குலுக்கிட்டுப் போடுங்க." போட்டேன். அந்த வாரமே மூக்கும் கன்னமும் சிவந்து, தண்ணீர் பட்டாலே எரிய ஆரம்பித்தது.

ராத்திரி டியூபை விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். காலாவதி தேதி இருக்கும் இடத்தில் சின்ன வெள்ளை ஸ்டிக்கர், அதில் அடுத்த வருஷம் மார்ச். ஓரத்தை நகத்தால் நெம்பினால் அடியில் அச்சடித்த தேதி போன வருஷம் மார்ச்! இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, பதிவு எண் எதுவுமே இல்லை.

மறுபடி கடை. வெள்ளை கோட்டு அன்றைக்கு லீவாம். கேஷியர், "மேனேஜர்கிட்ட பேசுங்க" என்றார். மேனேஜர், "ஓப்பன் பண்ணினதை எடுக்க மாட்டோம் மேடம், பில்லிலேயே போட்டிருக்கு" என்றார். ஸ்டிக்கரைக் காட்டினால், "அது டிஸ்ட்ரிபியூட்டர் ஒட்டினது." முகத்தைக் காட்டினால், "உங்க ஸ்கின் சென்சிட்டிவ்." 2,650 ரூபாய்க்கு ஒரு தண்ணீர் பாட்டில் கூட நீட்டவில்லை. வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, அவ்வளவுதான்.

தோல் டாக்டர் டியூபைப் பார்த்ததுமே, தேதி தாண்டியது, சூட்டில் கிடந்து பிரிந்தது, இதில் பாதுகாப்பை எதிர்பார்க்க முடியாது என்றார். எஸ்பிஎஃப் 30, தோலைச் சுட்டுச் சிவக்க வைக்கும் புறஊதா-பி கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கிறது, 50 என்றால் 98. 100 என்றாலும் 99 தான். அந்த ஒன்றிரண்டு சதவீதத்துக்குத்தான் என்னிடம் 2,650 ரூபாய் கறந்திருக்கிறார்கள்.

விவரமாக எழுதத்தான் நினைத்தேன், எரிகிற முகத்தோடு முடியவில்லை. எஸ்பிஎஃப் 30 அல்லது 50 போதும், கூடவே புறஊதா-ஏ என்ற இன்னொரு வகைக் கதிரை எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் பிஏ+++ குறி டியூபில் இருக்கிறதா என்று பாருங்கள். நாள் முழுக்கத் தாங்கும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள், வெயிலில் இருந்தால் 2 மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடி போட வேண்டும். தேதி மேல் ஸ்டிக்கர் இருந்தால் அங்கேயே கிழித்துக் காட்டச் சொல்லுங்கள். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம், "திரும்ப எடுக்க மாட்டோம்" என்று பில்லில் அச்சடித்திருந்தாலும் சரி. பில்லையும் டியூபையும் தூக்கிப் போடாமல் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு போன் போடுங்கள். நான் போட்டாச்சு.