எச்சரிக்கை: என் ஹைலக்ஸின் எண்ணெய் மீட்டரை 'சரி செய்து' கொடுத்த கதை

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஆறரை மணி இருக்கும். பினாங்குப் பாலத்தில் தீவுக்குப் போகிற பக்கம், நடு மேட்டைத் தாண்டியதும் என் ஹைலக்ஸ் (டொயோட்டா பிக்கப் வண்டி) இரண்டு தடவை இருமியது. அப்படியே செத்துவிட்டது. பின்னால் இரண்டு கெனோபி (விசேஷக் கூடாரம்), எண்பது நாற்காலி. குளுகோரில் ஒரு வீட்டில் எட்டு மணிக்கு நலங்கு.

மீட்டரைப் பார்த்தேன். ஊசி அரை டேங்கில் கம்பீரமாக நிற்கிறது. எண்ணெய் இருக்கிறதே, அப்புறம் என்ன கேடு என்று பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பெல்ட்டையும் வயரையும் தடவிக்கொண்டிருந்தேன். ரோந்து வண்டி வந்து பின்னால் கூம்புகளை வைத்தது. இறங்கிய மலாய்ப் பையன் எட்டிப் பார்த்துவிட்டு, "மிஞ்ஞாக் ஹாபிஸ் கா, பாங்?" என்றான். எண்ணெய் தீர்ந்துவிட்டதா என்கிறான். "அரை டேங்க் இருக்குப்பா" என்று மீட்டரைக் காட்டினேன். அவன் எதுவும் சொல்லாமல் டேங்கைக் காலால் தட்டினான். பானையைத் தட்டுவதுபோல் டங்கென்று சத்தம்.

இது எப்படி நடந்தது என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. பழைய ஃபோர்வீல் வண்டி வைத்திருக்கிறவர்கள் முழுதாகப் படித்துவிடுங்கள்.

என்னுடையது தொண்ணூறுகளில் வந்த ஹைலக்ஸ், 2.8 டீசல். இன்ஜின் இன்னும் கல்லு மாதிரி. முன்பெல்லாம் மீட்டர் காட்டினாலும் காட்டாவிட்டாலும் நான் கவலைப்பட்டதில்லை, எப்போதும் டேங்க் நிறைய அடித்துவிடுவேன். 2024 ஜூன் 10-ஆம் தேதி டீசல் லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து (மலேசிய ரிங்கிட்) ஒரே ராத்திரியில் 3.35 வெள்ளிக்கு ஏறியதே, அதிலிருந்து அந்தப் பழக்கம் போய்விட்டது. ஐம்பது வெள்ளிக்கு, எண்பது வெள்ளிக்கு என்று அடித்து ஓட்டுகிற ஆளுக்கு மீட்டர்தான் கண்.

அந்தக் கண்தான் கெட்டுப்போனது. மேடு பள்ளத்தில் குலுங்கினால் ஊசி பொத்தென்று காலிக்கு விழும், கொஞ்ச தூரம் போனால் மெல்ல ஏறிக்கொள்ளும். மழை பெய்த மறுநாள் ஏறவே ஏறாது. இந்த அடையாளத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாலத்துக்கு இந்தப் பக்கம், பெருநிலத்தில் ஒரு பட்டறைக்குக் கொண்டு போனேன். பெயர் போடப் போவதில்லை. கோயில் திருவிழாவில் பழக்கமான ஆள், நம்ம ஆளுதானே என்று சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அவர் சாவியைத் திருகிப் பார்த்தார், மீட்டர் கண்ணாடியை விரலால் இரண்டு தட்டு தட்டினார். "மீட்டர் போயிருச்சு அண்ணே. புதுசு கிடைக்காது, ஹாஃப்-கட் செட் ஒண்ணு வெச்சிருக்கேன்." ஹாஃப்-கட் என்றால் வெட்டிப் பிரித்த பழைய வண்டியின் சாமான். சோதனை அவ்வளவுதான். 450 வெள்ளி. முழு மீட்டர் செட்டையும் மாற்றிவிட்டார். என் வண்டி ஓடியது நான்கு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல். மாற்றிய செட்டில் ஒரு லட்சத்து எண்பத்தேழாயிரம்! வண்டிக்கு வயசு குறைந்துவிட்டது என்று சிரித்தார், நானும் கூடச் சிரித்தேன்.

பத்து நாளில் ஊசி பழையபடி விழ ஆரம்பித்தது. மறுபடி போனேன். "அப்போ டேங்க் ஃப்ளோட்தான் அண்ணே. டேங்கை இறக்கணும், ரெண்டு நாள் ஆகும்." பில்லில் 'ஃப்ளோட் ஒரிஜினல் 1, கூலி' என்று எழுதி 380 வெள்ளி வாங்கினார். செவ்வாய்க்கிழமை வண்டியை எடுத்தேன். ஊசி அரை டேங்கில் நின்றது. குலுங்கினாலும் விழவில்லை. புதன்கிழமை கூலிம் போய் வந்தேன், வியாழக்கிழமை சுங்கைப்பட்டாணி. ஊசி அசையவில்லை. அடடா, எண்ணெய் என்னமாய் மிச்சம் பிடிக்கிறது என்று எனக்கு உள்ளூர மகிழ்ச்சி வேறு. என் மனைவி மட்டும் கேட்டாள்: "ஏங்க, நேத்தும் இது இங்கேதானே இருந்துச்சு?" நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பாலத்தில் பட்ட பாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் வண்டி போல் எண்ணெயை ஊற்றியதும் டீசல் கிளம்பாது, குழாயில் காற்று ஏறியிருக்கும். தம்பி மோட்டார் சைக்கிளில் கொண்டு வந்த பத்து லிட்டரை ஊற்றி, ஃபில்டர் தலையில் இருக்கும் கைப்பம்பைக் கட்டை விரல் மரத்துப்போகும் வரை அமுக்கி, காற்றை வெளியேற்றிய பிறகுதான் பற்றியது. நலங்குக்கு ஒன்றேகால் மணி நேரம் தாமதம். நலங்கு வீட்டு அக்கா என்னைப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. அவர் பேசியதில் தப்பும் இல்லை.

மறுநாள் புக்கிட் மெர்தாஜமில் வயரிங் வேலை மட்டும் பார்க்கிற ஒரு சீனப் பெரியவரிடம் போனேன். அவர் முதலில் கேட்டது, "தண்ணி மீட்டர் ஒழுங்கா காட்டுதா?" சூடு காட்டும் மீட்டரைத்தான் சொல்கிறார். இரண்டு மீட்டருக்கும் கரண்ட் ஒரே இடத்திலிருந்து வருகிறது. இரண்டும் சேர்ந்து கோளாறு செய்தால் அந்த இடத்தைப் பார்க்க வேண்டும், ஒன்று மட்டும் என்றால் அதன் வயரைப் பிடித்துக்கொண்டு டேங்க் வரை போக வேண்டும். ஒழுங்காகத்தான் காட்டுகிறது என்றேன். அட்டையை விரித்து, டார்ச்சோடு வண்டிக்கு அடியில் போனவர் உள்ளேயிருந்தே சிரிக்க ஆரம்பித்தார். என்னையும் கூப்பிட்டார்.

டேங்குக்குப் போகிற பிளக் கழன்று தொங்கியது. மீட்டரிலிருந்து வரும் வயர் நுனியில் கறுப்பு டேப் சுற்றி ஏதோ கட்டியிருந்தது, அதன் மறுமுனை சேசிஸ் (வண்டியின் அடிச் சட்டம்) போல்ட்டில். டேப்பைப் பிரித்தார். அரிசியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு ரெசிஸ்டர், கரண்டைத் தடுக்கும் சாமான். ஆரஞ்சு, ஆரஞ்சு, கறுப்புக் கோடுகள். அந்தக் கோடுகளின் கணக்கில் தடையின் அளவு 33 ஓம்.

விளக்கம் சொன்னார். டேங்குக்குள் ஒரு கம்பி நுனியில் மிதவை இருக்கிறது. எண்ணெய் ஏறி இறங்க, மிதவையும் ஏறி இறங்கி ரெசிஸ்டன்ஸை மாற்றும். பழைய டொயோட்டாவில் டேங்க் நிறைந்திருந்தால் சுமார் 3 ஓம், காலியானால் சுமார் 110, பாதியில் முப்பது சொச்சம். ஆக, 33 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை மாட்டிவிட்டால் ஊசி ஆயுசுக்கும் அரை டேங்க்தான் காட்டும். கடையில் சில காசுக்குக் கிடைக்கும் சாமான். பிளக்கைக் கழற்றிவிட்டதால் எண்ணெய் குறைந்தால் எரிய வேண்டிய சிவப்பு விளக்கும் எரியவில்லை. டேங்கைத் தாங்கும் பட்டை போல்ட்டுகளையும் காட்டினார். வருஷக் கணக்கான சேறு காய்ந்து அப்பியபடியே இருந்தது, ஸ்பேனர் பட்ட அடையாளம் ஒன்றுகூட இல்லை. டேங்கை இறக்கவே இல்லை என்றால் 'ஒரிஜினல் ஃப்ளோட்' எந்த வழியாக உள்ளே போனது?

பிறகு உண்மையான கோளாறைத் தேடினார். ரெசிஸ்டரை எடுத்துவிட்டு, மீட்டர் வயருக்கும் சேசிஸுக்கும் நடுவே ஒரு சின்ன டெஸ்ட் பல்ப் வைத்தார். பல்ப் எரிந்தது, ஊசி மெதுவாக நிறைவை நோக்கி ஏறியது. மீட்டரும் வயரும் சுத்தம் என்று அர்த்தம். (பல்ப் இல்லாமல் நேராக இரும்பில் வைத்தால் மீட்டர் கருகலாம், வீட்டில் செய்து பார்க்கிறவர்கள் கவனம்.) அடுத்து மல்டிமீட்டரை டேங்க் பக்கத்துப் பிளக்கின் இரண்டு காலிலும் வைத்தார்: 95 ஓம். பத்து லிட்டர் கிடக்கும் டேங்குக்குச் சரியான கணக்கு, மிதவையும் சுத்தம். ஒரு முனையை எடுத்துச் சேசிஸில் வைத்ததும் எண் தாறுமாறாகக் குதித்தது. எர்த் வயர்! டேங்கிலிருந்து கரண்ட் சேசிஸுக்குத் திரும்பும் வயர். போல்ட்டில் மாட்டியிருந்த வளையம் பச்சைப் பொடியாக உதிர்ந்தது. குலுங்கினால் விழுவதும் மழைக்குப் பிறகு ஏறாததும் இதனால்தான்.

புது வளையம் போட்டு, துருவை உப்புத்தாளால் தேய்த்து, கிரீஸ் தடவிக் கொடுத்தார். 45 வெள்ளி. எல்லாம் சேர்த்து முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

ரெசிஸ்டரை ஒரு தீப்பெட்டியில் போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போனேன். "அது டெம்பரரி அண்ணே, ஃப்ளோட் ஆர்டர் போட்டிருக்கேன், சொல்ல மறந்துட்டேன்" என்றார். பில்லைக் காட்டினேன். 150 வெள்ளியை எண்ணி மேசையில் வைத்து, கோயில்ல பார்க்கிற முகம், பெரிசு பண்ணாதீங்க என்றார். என் பழைய மீட்டர் செட் எங்கே என்று கேட்டதற்குத் தூக்கிப் போட்டாச்சாம். ஒரு கோளாறும் இல்லாத செட். நான் அந்தப் பணத்தைத் தொடவில்லை.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனுப் போட்டிருக்கிறேன். கட்டணம் 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை விசாரிப்பார்கள், வக்கீல் வைக்கத் தேவையில்லை, வைக்கவும் முடியாது. இரண்டு பில், சேறு அப்பிய போல்ட்டின் படம், தீப்பெட்டி, எல்லாம் தயார். விசாரணைத் தேதி இன்னும் வரவில்லை.

ஹாஃப்-கட் கடைப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய ஹைலக்ஸ் மீட்டர் செட், 412 என்று தொடங்கும் கிலோமீட்டர், கண்ணாடியின் இடது மூலையில் என் மகன் ஒட்டிய சின்னப் பிள்ளையார் ஸ்டிக்கர். கண்ணில் பட்டால் ஒரு வார்த்தை சொல்லுங்கள், அது என்னுடையது.