பொம்மைப் படகுக்கு ஒரு பம்பு மெக்கானிக்: எஸ்.பி. ரோடு சந்துக் கடை பற்றி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கடையில் படகு ரிப்பேர் செய்வதில்லை. போர்வெல் மோட்டார், மோனோபிளாக் பம்பு, அதற்கு வேண்டிய லேத் வேலை, இவ்வளவுதான். பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் எலக்ட்ரானிக்ஸ் கடைகளைத் தாண்டி, ஒரு டெம்போ நுழைந்தால் ஸ்கூட்டர்கூடத் திரும்ப முடியாத சந்து ஒன்றில் இருக்கிறது. போர்டு இருக்கிறது, அதில் எழுத்து இல்லை. பெயர் தெரிந்தாலும் எழுதப்போவதில்லை. கீழே குறைகளும் சொல்லப்போகிறேன், எழுபதை நெருங்குகிற மனுஷர் பிழைப்பில் மண் போட மனசில்லை. பாய் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார். ஆம்பூர் பக்கத்துக்காரர், தமிழ், உருது, கன்னடம் மூன்றிலும் ஒரே வேகத்தில் திட்டுவார்.

நான் அல்சூர்க்காரன், முப்பது வருஷமாக யுபிஎஸ் சர்வீஸ். போன வருஷம் சண்டே பஜாரில் பழைய மிக்ஸி ஜாடிகளுக்கு நடுவே ஒரு படகு கிடந்தது. "ஷோகேஸ்ல வெச்சா சூப்பரா இருக்கும் சார்" என்றார் விற்றவர். 1,800 சொன்னார், 1,100-க்குக் கொடுத்தார். தூக்கிப் பார்த்தபோதே ஷோகேஸ் சாமான் இல்லை, ரேடியோ ரிமோட்டில் ஓடவிடுகிற படகு என்று தெரிந்தது. 62 செ.மீ. நீளம், ஃபைபர் கிளாஸ் உடம்பு. மூடியைத் திறந்தால் விளக்கெண்ணெய் நாற்றம், பாட்டி சங்கில் புகட்டுவாளே, அதே நாற்றம்.

காரணம் உண்டு. உள்ளே இருந்தது 3.5 சிசி குளோ இன்ஜின், பழுத்த கம்பிச் சுருளால் எரிபொருளைப் பற்றவைக்கிற குட்டி இன்ஜின். மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் கலந்த எரிபொருளில் லூப்ரிகேஷனுக்கு விளக்கெண்ணெய் சேர்ப்பார்கள். எண்ணெயில் பெரும்பங்கு எரியாமல் புகையோடு வெளியே வந்து படகெங்கும் படியும். வருஷக்கணக்கில் சும்மா கிடந்தால் அதுவே வார்னிஷ் மாதிரி இறுகி பிஸ்டனைக் கவ்விக்கொள்ளும். நான் கார் கூலண்டில் போட்டுப் பால்கனியில் மெல்லக் கொதிக்கவைத்தேன். இரண்டு மணி நேரத்தில் அரக்கு நிறத்தில் கரைந்து வந்தது, ஃப்ளைவீல் விரலால் சுற்றியது. அந்தப் பாத்திரம் பிறகு சமையலுக்கு ஆகாது, கூலண்ட் விஷம். எது நல்ல பாத்திரம், எது பழைய பாத்திரம் என்பதில் எனக்கும் வீட்டம்மாவுக்கும் கருத்து வேற்றுமை இன்னும் தீரவில்லை.

இன்ஜின் உயிர் பெற்றும் நான் அதை ஓட்டவில்லை. எரிபொருள் தேடி அலையணும், சத்தம் ஊரைக் கூட்டும், போகிற வழியெல்லாம் தண்ணீர்மேல் எண்ணெய்ப் படலம். இன்ஜின் இப்போது அலமாரியில். படகை எலக்ட்ரிக்குக்கு மாற்றிவிடலாம், நமக்குத் தெரியாத கரண்டா என்று இறங்கினேன்.

அங்கேதான் முதல் அடி. ஆன்லைனில் ஒருவர் 'போட் கன்வர்ஷன் கிட்' என்று 2,350 ரூபாய்க்கு விற்றார். பிரித்துப் பார்த்தால் ட்ரோன் பசங்க வாங்குகிற ஏ2212 மோட்டார், கூடவே பொம்மை விமானத்துக்கான 30 ஆம்பியர் ஈஎஸ்சி, அதாவது மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற சர்க்யூட். அந்த மோட்டார் தன் ப்ரொப்பெல்லர் அடிக்கிற காற்றிலேயே குளிர்ந்துகொள்ளும்படி செய்தது. மூடிய படகுக்குள் வைத்தால் அதற்குக் காற்று ஏது? விமான ஈஎஸ்சியில் ரிவர்சும் கிடையாது. கரையில் முட்டிக்கொண்டால் நாம்தான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கணும். திருப்பி அனுப்பினேன், கூரியர் காசைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தந்தார்கள்.

பாயிடம் நான் போனது ஷாஃப்டுக்காக, ப்ரொப்பெல்லரைச் சுற்றுகிற தண்டுக்காக. பழைய 4 மில்லி ஷாஃப்ட் துருவேறி வளைந்திருந்தது. படகைத் துணிப்பையிலிருந்து எடுத்ததும், "இன்னா தம்பி இது, பேரனுக்கா?" என்றார். எனக்குத்தான் என்றேன். சிரிக்கவில்லை. கவிழ்த்து வைத்து ப்ரொப்பெல்லரை விரலால் அசைத்தார், டக் டக் என்றது. "புஷ் தேஞ்சு போச்சு" என்றார், தண்டைத் தாங்குகிற வளையத்தைச் சொல்கிறார். "ஷாஃப்ட் மட்டும் மாத்துனா பிரயோஜனமில்ல, தண்ணி உள்ள வரும். இது பம்புதான், திருப்பி வெச்ச பம்பு."

இந்த விமர்சனத்தில் நான் சொல்ல வந்ததே அந்த ஒரு வாக்கியம்தான். பம்பில் பாடி நிற்கும், தண்ணீர் ஓடும். படகில் பாடி ஓடும். மற்றபடி இம்பெல்லர் (பம்புக்குள் தண்ணீரைத் தள்ளுகிற சக்கரம்), புஷ், அலைன்மென்ட் (தண்டுகள் ஒரே நேர்கோட்டில் நிற்பது) என்று எல்லாத் தலைவலியும் ஒன்றே. ஹாபி கடைக்காரர்கள் எனக்குப் பெட்டிதான் விற்றார்கள், இவர் ஆட்டத்தை அளந்தார்.

அடுத்த முறை போகும்போது எந்த மோட்டார் வாங்கலாம் என்று கேட்டேன். எனக்குத் தொழில் பழக்கத்தில் கேவி என்றால் கிலோவோல்ட். இந்த மோட்டார்களில் அது ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று என்கிற கணக்கு. 3900 கேவி மோட்டார் ஒன்றின்மேல் கண் வைத்திருந்தேன். மூன்று செல் லிப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி) 11.1 வோல்ட், அப்படியென்றால் லோடு இல்லாமல் நிமிஷத்துக்கு 43,000 சுற்றுக்கு மேல். வேகமாகப் போகுமே! பாய் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "புல்லி மாத்தி பம்பு ஸ்பீட ரெண்டு மடங்கு ஏத்துனா தண்ணி ரெண்டு மடங்கு வரும். லோடு எட்டு மடங்கு ஏறும். காயில் புகைஞ்சிடும்." வேகத்தின் மும்மடி, புத்தகத்தில் இருப்பதுதான். ப்ரொப்பெல்லருக்கும் அதே விதி. நானும் படித்தவன்தான், ஆசை வந்தால் படித்தது மறந்துவிடுகிறது. கடைசியில் தண்ணீர் ஜாக்கெட்டோடு (தண்ணீர் ஓடிக் குளிர்விக்கிற உறை) வரும் 3650 சைஸ் (36 மில்லி விட்டம், 50 மில்லி நீளம்), 2000 கேவி மோட்டார் வாங்கினேன். ஈஎஸ்சி 80 ஆம்பியர், படகுக்கென்றே செய்தது, தண்ணீர்க் குழாய் மாட்ட முனைகள் உண்டு, ரிவர்சும் உண்டு.

இனி வேலை. ஷாஃப்ட் குழாயின் இரு முனையிலும் கன்மெட்டல் புஷ் கடைந்து போட்டார். குழாய் நடுவில் சின்ன ஓட்டை போட்டு ஒரு பித்தளை முனையை ஈயப்பற்று வைத்தார், சிரிஞ்சால் கிரீஸ் ஏற்றுவதற்கு. "கிளாண்ட் வேற கயிறு வேற வேணாம், கிரீஸே கிளாண்ட்" என்றார். பம்பில் தண்டைச் சுற்றிக் கயிறு திணித்துத் தண்ணீர் கசியாமல் அடைக்கிற இடம்தான் கிளாண்ட். இங்கே குழாய் நிறையக் கிரீஸ் இருந்தால் தண்ணீர் ஏறாது என்று அர்த்தம்.

நான் ஸ்டூலில் உட்கார்ந்து வாய் பிளந்து பார்த்தது அலைன்மென்ட் வேலையைத்தான். மோட்டார் தண்டையும் ப்ரொப்பெல்லர் தண்டையும் இணைக்கிற கப்ளிங்கை மாட்டவே இல்லை. பித்தளைத் துண்டு ஒன்றை எடுத்து, ஒரு பக்கம் 5 மில்லி, மறுபக்கம் 4 மில்லி என்று துளை கடைந்தார். மோட்டார் தண்டு ஒரு பக்கம், ப்ரொப்பெல்லர் தண்டு மறுபக்கம். இரண்டும் ஒரே கம்பி மாதிரி ஆனதும் மோட்டாரை எல்-ஆங்கிளோடு சேர்த்துப் படகுக்குள் மிதக்கவிட்டார். அடியில் தீப்பெட்டி அட்டையைக் கிழித்து ஒவ்வொரு துண்டாகச் செருகினார். ஒரு துண்டு வைப்பார், ப்ரொப்பெல்லரைச் சுண்டுவார், காதைக் கிட்டே கொண்டுபோவார். இன்னொன்று. ஏழெட்டுத் துண்டுக்கு அப்புறம் அந்தப் பித்தளைத் துண்டு தானாக முன்னும் பின்னும் வழுக்கியது. "இப்ப ஒட்டிக்கோ" என்றார். ஒட்டிக் காய்ந்த பிறகுதான் துண்டைக் கழற்றிவிட்டு நிஜக் கப்ளிங். நானாக இருந்தால் யுனிவர்சல் கப்ளிங்கைப் போட்டு, கோணலை அது பார்த்துக்கொள்ளும் என்று விட்டிருப்பேன். கடகடவென்று ஒரு மாதம் ஓடி அதுவும் புட்டுக்கொண்டிருக்கும்.

ஒட்டுவது என் வேலை, அதில் சொதப்பியதும் நான். பிளைவுட் கட்டையை அரால்டைட் வைத்து ஒட்டினேன். மறுநாள் நன்றாகக் காய்ந்த கல்லிலிருந்து தோசை எழும்புவதுபோல் முழுசாக எழும்பி வந்தது. ஃபைபருக்குள் ஊறிய விளக்கெண்ணெய்! முதலில் அசிட்டோனில் துடைத்து, துணி வெள்ளையாக வரும்வரை திரும்பத் திரும்பத் துடைத்து, அப்புறம் 80 நம்பர் எமரி தேய்த்து, மறுபடி துடைத்து ஒட்டினால்தான் பிடிக்கிறது. முதலில் எமரி தேய்த்தால் எண்ணெயை இன்னும் உள்ளே தேய்த்துவிடுவோம். வரிசை முக்கியம்.

ப்ரொப்பெல்லருக்குப் பின்னால் இன்ஜின் தலையைக் குளிர்விக்கத் தண்ணீர் பிடிக்கிற குழாய் ஏற்கெனவே இருந்தது. சைக்கிள் பிரேக் ஒயரின் ஒற்றை இழையை விட்டுக் குத்தி அடைப்பை எடுத்தேன். இப்போது அதே தண்ணீர் ஈஎஸ்சிக்குப் போய், மோட்டார் ஜாக்கெட்டுக்குப் போய், பக்கவாட்டுத் துளையில் வெளியே விழுகிறது. ரேடியோ பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. 27 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் செட் பேட்டரி கசிந்து பச்சை பூத்திருந்தது, 2.4 கிகாஹெர்ட்ஸ் செட் ஒன்று வாங்கிப் போட்டேன். ரிசீவர் ஆன்டெனாவைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வைக்கணும், 2.4-ஐத் தண்ணீர் விழுங்கிவிடும்.

பம்பு டெஸ்ட் பண்ண கடை வாசலில் பாய் ஒரு சிமென்ட் தொட்டி வைத்திருக்கிறார். அதில் படகை விட்டு, பின்னால் நைலான் கயிறு கட்டி, என் டிசி கிளாம்ப் மீட்டரைப் பேட்டரி ஒயரில் மாட்டினோம். முழு த்ராட்டிலில் 46 ஆம்பியர். கட்டிப்போட்ட படகு ஓடுகிற படகைவிட அதிகம் இழுக்கும், ஆகவே 80 ஆம்பியர் ஈஎஸ்சிக்கு இது நிம்மதியான எண். தொட்டித் தண்ணீர் கொதிக்கிற மாதிரி பொங்கி பக்கத்துக் கடை கால்குலேட்டர்மேல் தெறித்ததில் சின்ன வாய்ச்சண்டை. பாய் மூன்று மொழியிலும் சமாளித்தார்.

இப்போது குறைகள். ஒன்று, தேதி. அந்தக் காலத்தில் இந்த ஊரில் பேயை விரட்ட வாசலில் 'நாளே பா' என்று எழுதிவைப்பார்கள். பாய் அதே மந்திரத்தை வாடிக்கையாளர்மேல் பிரயோகிக்கிறார். "நாளைக்கு வா" என்று சொன்ன ஷாஃப்ட் 19 நாள் கழித்துக் கிடைத்தது. அந்த 19 நாளும் என் லிப்போ முழு சார்ஜில் காத்திருந்தது. யுபிஎஸ் பேட்டரியை எப்போதும் ஃபுல்லாக வைத்தே பழகிய கை. லிப்போவுக்கு அது ஆகாது, சும்மா வைப்பதென்றால் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் நிறுத்தணும். எடுத்துப் பார்த்தபோது பூரி மாதிரி உப்பியிருந்தது. 2,600 ரூபாய். இதில் பாதிப் பழி எனக்கு.

இரண்டாவது குறையில் எனக்குப் பங்கில்லை. கடைப் பையன் படகை வைஸில் வைத்து முறுக்கிவிட்டான், பின்பக்க விளிம்பில் சிலந்தி வலை மாதிரி விரிசல். இரும்புப் பம்பைப் பிடிக்கிற கைக்கு இரண்டு மில்லி ஃபைபர் தெரியவில்லை. பாய் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. 1,650 கூலியில் 200 குறைத்துக்கொண்டார். ரெசின் ஊற்றி நான் சரிசெய்தாலும் வெயிலில் சாய்த்துப் பார்த்தால் தெரிகிறது. நீங்கள் போனால் படகைக் கையோடு பிடித்துக்கொண்டு நில்லுங்கள். பில் கேட்காதீர்கள், சிகரெட் அட்டையில் எழுதிக் கொடுப்பார். வெள்ளிக்கிழமை மத்தியானம் போய் ஏமாறாதீர்கள்.

ஐந்துக்கு எத்தனை என்றால் வேலைக்கு ஐந்து, பொறுமைச் சோதனைக்கு இரண்டு.

ஓசூர் தாண்டி மச்சானின் தோட்டத்தில் பிளாஸ்டிக் ஷீட் விரித்த பண்ணைக் குட்டை இருக்கிறது. ஆகாயத்தாமரை இல்லை, ப்ரொப்பெல்லரில் எதுவும் சுற்றாது. முதல் ஓட்டத்தில் மூக்கு தண்ணீரைக் குத்தியது. பேட்டரியை மூன்று விரல்கடை பின்னால் தள்ளியதும், மொத்த எடை பின்னாலிருந்து மூன்றில் ஒரு பங்கில் உட்கார்ந்து, மூக்கு நிமிர்ந்து வழுக்கிக்கொண்டு போனது. 5000 எம்ஏஎச்சில் பத்துப் பன்னிரண்டு நிமிஷம். மோட்டார் சத்தத்தைவிட தண்ணீர் கிழிகிற சத்தம்தான் கேட்டது. மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு ஸ்பூன் தண்ணீர்கூட இல்லை.

திங்கட்கிழமை வீடியோவை எடுத்துக்கொண்டு பாயிடம் போனேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். படகு திரும்புகிற அழகைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று நின்றேன். விரலை ஸ்கிரீனில் வைத்து நிறுத்தி, பக்கவாட்டுத் துளையில் விழுகிற தண்ணீரைக் காட்டினார்.

"இது சூடா வந்துச்சா, பச்சத் தண்ணியா வந்துச்சா? தொட்டுப் பாத்தியா?"

தொட்டுப் பார்க்கவில்லை.

"பாத்துட்டு வா" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு லேத்துக்குப் போய்விட்டார்.